சங்க விதிகளைத் தொகுப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் நகரில் 64 வீடுகள். குடியிருப்போர் நலச் சங்கம் பன்னிரண்டு வருடங்களாக நடந்து வந்தது, ஆனால் பதிவு செய்யாமல். எழுதிய விதி என்று தனியாக எதுவும் கிடையாது. மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவது, சந்தா எவ்வளவு, காவலாளி சம்பளத்தை யார் கொடுப்பது என்று எல்லாமே ஒவ்வொரு கூட்டத்திலும் பேசி முடித்ததுதான். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோதுதான், பதிவுச் சான்றும் துணைவிதிகளும் (பைலா, அதாவது சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிய விதிகள்) இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். செயலாளராக இருந்ததால் வேலை என்னிடம் வந்தது. ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தது ஏழு மாதம் இழுத்தது. அதில் மூன்று மாதம் முழுக்க வீண். அந்த மூன்று மாதத்தை நீங்களும் இழக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் தெரு, நகர் அளவில் நடக்கும் சங்கங்கள், வாசகர் வட்டங்கள், பழைய மாணவர் சங்கங்கள் போன்றவற்றை மனதில் வைத்தே இந்த வழிகாட்டி. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேறு சட்டமும் உண்டு. நீங்கள் அந்த வகை என்றால் 8ஆம் படியையும் 9ஆம் படியில் வரும் சிறப்புத் தீர்மான விவரத்தையும் மட்டும் விட்டுவிடுங்கள், மற்றவை அப்படியே பொருந்தும்.

1. முதலில் 'தொகு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'கோடிஃபை' என்பார்கள். தமிழில் அதற்குப் பக்கத்தில் நான்கைந்து வினைகள் இருக்கின்றன. பேச்சில் எல்லாவற்றையும் கலந்து பயன்படுத்துகிறோம்.

விதியை இயற்றுவது என்றால் இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்குவது. வகுப்பது என்பதையும் பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன: "புதிய நெறிமுறைகளை வகுத்தது" என்று. திருத்துவது, இருப்பதை மாற்றுவது. தொகுப்பது இவற்றில் எதுவும் இல்லை. ஏற்கனவே நடைமுறையில் இருக்கிற, ஆனால் பல இடங்களில் சிதறிக் கிடக்கிற விதிகளைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, ஒரே இடத்தில் எழுத்தில் வைப்பதுதான் தொகுப்பது. "தலைமுறையாக வழக்கில் இருந்ததைத் தொகுத்தார்கள்" என்றால் சரி. "ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் புதிதாக மூன்று விதிகளைத் தொகுத்தோம்" என்றால் தவறு, அங்கே இயற்றியிருக்கிறீர்கள்.

சட்டமன்ற உறுப்பினர்களின் சிறப்புரிமைகள் பற்றிய செய்திகளில் "இவை இன்னும் தொகுக்கப்படவில்லை" என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். அரசியலமைப்பின் 194ஆம் பிரிவு அந்த உரிமைகளைச் சொல்கிறது, ஆனால் அவை எவை எவை என்று முழுப் பட்டியலாக எழுதிய சட்டம் இல்லை என்பதுதான் அதன் பொருள். உரிமை இருக்கிறது, தொகுப்பு இல்லை. இந்த வித்தியாசம் மனதில் நின்றுவிட்டால் உங்கள் வேலையில் பாதிச் சண்டை குறையும்.

நான் என்ன செய்தேன் என்றால், முதல் வரைவிலேயே இரண்டையும் கலந்துவிட்டேன். பழைய முடிவுகளை எழுதிக்கொண்டு வரும்போதே, "இது இல்லாமல் இருக்கிறதே" என்று எனக்குத் தோன்றிய சிலவற்றையும் சேர்த்தேன். அதில் ஒன்று, வாடகைக்கு இருப்பவர்கள் சங்கக் கூடத்தை எடுக்க வீட்டு உரிமையாளரின் கடிதம் வேண்டும் என்பது. கூட்டத்தில் வாசித்தபோது நாலாவது தெரு அக்கா ஒருவர் எழுந்து, "இது எப்பங்க நாம முடிவு பண்ணினது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் நியாயமாக எழுதியிருந்த மற்ற விதிகளையும் ஒருவரும் நம்பவில்லை. வரைவை அப்படியே ஓரம் கட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

அதனால் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருப்பது மட்டும். புதிதாக வேண்டும் என்று தோன்றுவதெல்லாம் இன்னொன்றில். முதல் நோட்டு பொதுக்குழுவில் ஒப்புதல் ஆகும்வரை இரண்டாவதைத் திறக்கவே வேண்டாம்.

2. எங்கெல்லாம் தேட வேண்டும்

தீர்மானப் புத்தகம் (எங்கள் பக்கம் மினிட்ஸ் நோட்டு என்றே சொல்வோம்) முதல் இடம். அது மட்டும் போதாது. கீழே உள்ளவற்றையும் தேடி எடுங்கள்:

- சந்தா ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள்
- ரொக்கப் புத்தகம்
- வீடுகளுக்குக் கொடுத்த சுற்றறிக்கைகள், அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள்கள்
- வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் போட்ட அறிவிப்புகள்
- பழைய தலைவர், செயலாளர், பொருளாளர் வீட்டில் இருக்கும் கோப்புகள்

அடிக்கட்டை எதற்கு என்று கேட்கலாம். எங்கள் மினிட்ஸ் நோட்டில் ஒரு பக்கத்தில் "மாதச் சந்தாவை உயர்த்த ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. எவ்வளவு என்று இல்லை. ஓரத்தில் யாரோ பென்சிலில் 150 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 200 என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து யாருடையது என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கடைசியில் அடுத்த மாத ரசீது அடிக்கட்டைகளைப் பார்த்தோம், எல்லா வீட்டிலும் 200 வாங்கியிருந்தது. பிரச்சினை தீர்ந்தது. ஒரு விதி என்னவென்று தெரியாதபோது, அது எப்படி நடந்தது என்பதைக் காட்டும் காகிதத்தைத் தேடுங்கள்.

பழைய நிர்வாகிகளிடம் போகும்போது நோட்டை வாங்கிக்கொண்டு வர நினைக்காதீர்கள். பலருக்கு அது பிடிக்காது. போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேயே உட்கார்ந்து. படம் எடுக்கும்போது தேதி தெரியும்படி எடுங்கள். நான் முப்பது பக்கம் எடுத்துவிட்டு, பாதியில் தேதி வெட்டுப்பட்டிருந்ததால் மறுபடி போக வேண்டியிருந்தது.

இந்தப் படிக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். செலவு நகல் எடுக்கும் செலவு மட்டும்தான்.

3. ஒரு முடிவுக்கு ஒரு சீட்டு

சேர்த்ததை உடனே கணினியில் அடிக்க உட்காராதீர்கள். தபால் அட்டை அளவுக்குத் தாள் வெட்டிக்கொண்டு, ஒரு முடிவுக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். மேலே முடிவு. கீழே நான்கு விவரம்: எந்தத் தேதி, எந்தக் கூட்டம் (பொதுக்குழுவா, நிர்வாகக் குழுவா), ஆதாரம் எங்கே இருக்கிறது, இப்போதும் நடைமுறையில் உள்ளதா.

நாலாவது தெரு அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் அந்த முதல் விவரம்தான். இந்த முறை ஒவ்வொரு விதிக்கும் பதில் கையில் இருந்தது. எங்களுக்கு 118 சீட்டு வந்தது. அதில் பத்தொன்பது, கேட்டறிந்தவை மட்டும். "அது எப்பவும் அப்படித்தாங்க" என்ற வகை. அவற்றை ஒதுக்காதீர்கள், ஆனால் ஆதாரம் என்ற இடத்தில் 'வழக்கம்' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

4. முட்டிக்கொள்ளும் விதிகளை நீங்களாகத் தீர்க்காதீர்கள்

ஒரு கூட்டத்தில் காலை 6 மணிக்கு மோட்டார், இரண்டு வருடம் கழித்து வேறொரு கூட்டத்தில் 5.30. இங்கே பிந்தியதுதான் நிற்கும், அது எளிது. ஆனால் பொதுக்குழு எடுத்த முடிவை நிர்வாகக் குழு பிறகு மாற்றியிருந்தால்? அதற்கு அந்த அதிகாரம் இருந்ததா என்ற கேள்வி வரும். இதைத் தொகுப்பவர் முடிவு செய்யக்கூடாது. முட்டிக்கொள்ளும் சீட்டுகளைக் கிளிப் போட்டுத் தனியாக வைத்து, அந்தப் பட்டியலை மட்டும் பொதுக்குழுவுக்குக் கொண்டுபோங்கள். எங்களுக்கு ஏழு ஜோடி. ஒரே மாலையில் முடிந்தது.

5. வரிசை

இதை அதிகம் யோசிக்க வேண்டாம். பதிவுக்குக் கொடுக்கும் துணைவிதிகளுக்கென்று ஒரு வழக்கமான வரிசை இருக்கிறது: சங்கத்தின் பெயர், அலுவலக முகவரி, தொடங்கிய நாள், அலுவலக நேரம், நோக்கங்கள், உறுப்பினர் சேர்க்கையும் நீக்கமும், சந்தா, பொதுக்குழு, நிர்வாகக் குழு, நிர்வாகிகளின் கடமைகள், கணக்கும் தணிக்கையும், விதி திருத்தம், சங்கத்தைக் கலைத்தல். சீட்டுகளை இந்தத் தலைப்புகளின் கீழ் தரையில் பரப்பிப் பிரித்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மோட்டார் நேரம், குப்பை எடுக்கும் நாள், கூட வாடகை போன்றவற்றைத் துணைவிதிகளுக்குள் கொண்டுவராதீர்கள். துணைவிதியில் போட்டுவிட்டால் பத்து ரூபாய் வாடகை ஏற்றக்கூட சிறப்புத் தீர்மானமும் (அது என்னவென்று 9ஆம் படியில் சொல்கிறேன்) பதிவும் தேவைப்படும். துணைவிதியில் "கூடத்தின் வாடகையைப் பொதுக்குழு அவ்வப்போது நிர்ணயிக்கும்" என்று மட்டும் எழுதிவிட்டு, அன்றாட விஷயங்களை 'நடைமுறை விதிகள்' என்று தனித் தொகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் 118 சீட்டில் துணைவிதிக்குள் போனது 41 மட்டும்தான்.

6. வாக்கியம் எழுதுவது

நேரம் அதிகம் பிடித்ததும் இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். பேச்சில் யாருக்கும் குழப்பமில்லாத தமிழ், விதியாக எழுதும்போது இரண்டு பொருள் தரும். நாங்கள் மாட்டிய இடங்களைச் சொல்கிறேன்.

'வேண்டும்', 'கூடாது', 'லாம்' இந்த மூன்றையும் கலக்காதீர்கள். கட்டாயத்துக்கு வேண்டும். தடைக்குக் கூடாது. விருப்பத்துக்கு லாம். "உறுப்பினர்கள் 10ஆம் தேதிக்குள் சந்தா செலுத்தலாம்" என்று மரியாதைக்காக எழுதியிருந்தோம். செலுத்தாமலும் இருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் என்ன சொல்வது? மரியாதையைச் சுற்றறிக்கையில் காட்டிக்கொள்ளலாம்.

செயப்பாட்டு வினையைக் குறையுங்கள். "கணக்கு தணிக்கை செய்யப்பட வேண்டும்" என்றால் யார் செய்விப்பது? "பொருளாளர் ஆண்டுக் கணக்கைத் தணிக்கையாளரிடம் கொடுத்துத் தணிக்கை செய்விக்க வேண்டும்" என்று ஆளைச் சொல்லி எழுதுங்கள்.

"காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் கையெழுத்திட வேண்டும்." மூவருமா, மூவரில் ஒருவரா? தமிழில் வெறும் கால்புள்ளி இதைச் சொல்லாது. "மூவரும்" என்றோ, "மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து" என்றோ எழுதினால்தான் தெளிவு. வங்கியில் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்.

"எல்லா உறுப்பினர்களும் வராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்படும்." ஒருவர்கூட வராவிட்டாலா, ஒருவர் வராமல் போனாலே போதுமா? இது இரண்டு பேர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. எதிர்மறையோடு 'எல்லா', 'அனைத்து' வரும் வாக்கியங்களை எண்ணிக்கையாக மாற்றிவிடுங்கள்: "கூட்டத்துக்கு வந்தவர்கள் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால்" என்று. கோரம், அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதும் இதோடு தீர்ந்துவிடும்.

'பெரும்பான்மை' என்று தனியாக எழுதாதீர்கள். மொத்த உறுப்பினர்களிலா, வந்தவர்களிலா, வாக்களித்தவர்களிலா என்று சேர்த்தே எழுதுங்கள். அதேபோல "15 நாட்களுக்குள்" என்றால் எந்த நாளிலிருந்து என்று இருக்க வேண்டும். "உரிய காலத்தில்", "தேவையான போது", "தக்க நடவடிக்கை" இந்த மூன்று தொடர்களும் எங்கள் பழைய தீர்மானங்களில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து, நாளாகவும் செயலாகவும் மாற்றினோம்.

கடைசியாக, 'உறுப்பினர்' யார்? வீட்டின் உரிமையாளரா, குடியிருப்பவரா? அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் எத்தனை வாக்கு? எங்கள் வழக்கம் வீட்டுக்கு ஒரு வாக்கு என்பது. ஆனால் எந்தத் தாளிலும் அது இல்லை, எல்லார் மனதிலும்தான் இருந்தது. அதையே முதல் பக்கத்தில் விளக்கமாக எழுதி வைத்தோம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று முடிவு செய்துவிட்டால், கடைசிப் பக்கம்வரை அதே சொல்லைப் பயன்படுத்துங்கள். ஓரிடத்தில் சந்தா, இன்னோரிடத்தில் கட்டணம், வேறோரிடத்தில் பராமரிப்புத் தொகை என்று எழுதினால் மூன்றும் வேறு வேறு என்று ஆகிவிடும்.

7. வாசித்துக் காட்டுங்கள்

அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள். தெருவுக்கு ஒரு மாலை ஒதுக்கி, பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்து வாசியுங்கள். ஒவ்வொரு விதிக்குப் பிறகும் ஒரே கேள்வி: "நாம் இப்படித்தானே நடந்துவருகிறோம்?"

யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707 வாக்கில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில் எழுத்தில் தொகுத்தபோதும், அதைத் தமிழில் மொழிபெயர்த்து 12 முதலியார்களிடம் (அங்கே தலைமைப் பதவியில் இருந்த உள்ளூர்க்காரர்கள்) காட்டி, இது எங்கள் வழக்கம்தான் என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே அது நிலைபெற்றது. நமக்கு 12 முதலியார்கள் வேண்டாம், தெருவில் நீண்ட நாள் இருக்கும் பெரியவர்கள், பெண்கள், வாடகைக்கு இருப்பவர்கள் என்று கலந்து இருந்தால் போதும். மோட்டார், தண்ணீர், குப்பை விஷயத்தில் உண்மையான நடைமுறை தெரிந்தவர்கள் அநேகமாகக் கூட்டத்துக்கு வராதவர்கள்தான்.

8. பதிவு: ஆவணம், செலவு, காலம்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்தான் பதிவு. குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். 20 உறுப்பினர்களோ அதற்கு மேலோ இருந்தாலும், ஆண்டு மொத்த வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலும் பதிவு கட்டாயம். எங்களைப் போலப் பல சங்கங்களுக்கு இது தெரியாது.

தொகுத்தது சட்டத்தோடு மோதக்கூடாது என்பதை இந்த இடத்தில் பாருங்கள். எங்கள் வழக்கத்தில் நிர்வாகிகளின் காலம் 5 ஆண்டு. சட்டம் 3 ஆண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை, மறுபடி தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். இந்த மாதிரி மாற வேண்டியவற்றைத் தனித்தாளில் எழுதி, "இது நம் வழக்கம், சட்டத்துக்காக இப்படி மாற்றுகிறோம்" என்று பொதுக்குழுவில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். தொகுப்புக்குள் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் முதல் படியில் நான் செய்த அதே தவறுதான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

- சங்கப் பதிவுக் குறிப்பு (பெயர், நோக்கம், நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில்), உறுப்பினர்கள் 7 பேர் கையெழுத்தோடு
- துணைவிதிகள், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தோடு
- பதிவு செய்ய முடிவெடுத்த கூட்டத்தின் தீர்மான நகல்
- அலுவலக முகவரிக்கு வீட்டு வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம்
- நிர்வாகக் குழுவினரின் அடையாள அட்டை நகல், புகைப்படம்

விண்ணப்பம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு. பதிவுத்துறையின் இணையத்தளத்தில் ஆன்லைனிலேயே தொடங்கலாம். பெயர் ஏற்கனவே உள்ள சங்கத்தின் பெயரைப் போல இருந்தால் திருப்பிவிடுவார்கள், இரண்டு மூன்று பெயர் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தைப் பழைய ஆட்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், விண்ணப்பிக்கும் அன்று துறையின் கட்டண அட்டவணையைப் பாருங்கள். அரசுக் கட்டணம் தவிர எங்களுக்குத் தட்டச்சு, நகல், போக்குவரத்து என்று சுமார் 4,000 ரூபாய் ஆனது. அதில் பாதி, கையெழுத்து விட்டுப்போன பக்கங்களை மறுபடி அச்சடித்தது. முகவரியும் பெயரின் எழுத்துக்கூட்டலும் ஆதாரில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் இருக்கிறதா என்று இன்னொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

சான்று வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, அப்புறம் வங்கிக் கணக்கு. நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதைப் பொருளாளரின் நாட்காட்டியில் முதல் வருடமே குறித்துவிடுங்கள்.

9. திருத்தமும் எண்ணும்

சரி, இப்போது அந்த இரண்டாவது நோட்டைத் திறக்கலாம். துணைவிதியில் புதிதாகச் சேர்க்கவோ மாற்றவோ சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவில், வந்திருந்து வாக்களிக்கும் தகுதியுள்ளவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத ஆதரவு. இன்ன விதியை இப்படி மாற்றப் போகிறோம் என்பது அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். நிறைவேறியதும் திருத்தத்தையும் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள்.

எண்களை மட்டும் மாற்றாதீர்கள். 14க்கும் 15க்கும் நடுவே ஒரு விதி வந்தால் அது 14அ. 9ஆம் விதியை எடுத்துவிட்டால் "9. நீக்கப்பட்டது" என்று தேதியோடு இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அரசியலமைப்பில் கல்வி உரிமை 2002இல் சேர்ந்தபோது 21ஏ என்றுதான் வந்தது, 22 அங்கேயே 22ஆக நின்றது. எண்ணை நகர்த்தினால் பழைய தீர்மானங்களும் கடிதங்களும் சுட்டும் விதி எல்லாம் வேறெங்கோ போய் நிற்கும்.

வாடகைக்கு இருப்பவர்கள் கூடத்தை எடுப்பது பற்றிய அந்த விதி, முறையாகக் கூட்டிய கூட்டத்தில் மறுபடி பேச்சுக்கு வந்தது. உரிமையாளரின் கடிதம் வேண்டாம், இரு தரப்புக்கும் ஒரே முன்பணம் என்று முடிவானது. நடைமுறை விதிகளில் அது 23ஆம் எண், பக்கத்தில் கூட்டத்தின் தேதியோடு இருக்கிறது.